களவு போன இல்லமும் களவு போகாச் செல்வமும்

திருவிழாக் காலம் நெருங்கிவிட்டால் அடியார்களின் கால்கள் இல்லத்தில் தரியா. பகல்பத்து, இராப்பத்து என்றும், பிரஹ்மோத்ஸவம் என்றும், கருடசேவை என்றும் எம்பெருமான் புறப்பாடு கண்டருளும் நாட்களை எண்ணி ஓராண்டு காத்திருந்த குடும்பத்தார், அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு திவ்யதேசம் நோக்கிப் புறப்படுகிறார்கள். சேவித்த கண்களும் நிறைந்த நெஞ்சுமாக மீள்கிறார்கள். பெரும்பாலான இல்லங்களில் பூட்டு பூட்டியபடியே அவர்களை வரவேற்கிறது. சில இல்லங்களில் அவ்வாறு வரவேற்பதில்லை.

நாதாங்கி பெயர்ந்து தொங்குகிறது. பீரோ திறந்து கிடக்கிறது. மடித்து வைத்த புடவைகள் தரையில் இறைந்துள்ளன. மகளின் திருமணத்திற்கென்று ஒவ்வொரு சவரனாகச் சேர்த்த நகைகள் இல்லை. பெருமாள் அலமாரியில் இருந்த வெள்ளி விளக்கு இல்லை. பாட்டியார் காலத்துப் பஞ்சபாத்திரமும் இல்லை. இல்லத்தரசி வாசற்படியிலேயே அமர்ந்துவிடுகிறாள். அவள் கையில் கோயில் பிரசாதப் பொட்டலம் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

அந்த இரவு அவ்வீட்டில் யாரும் உறங்குவதில்லை. காற்றில் ஜன்னல் அசைந்தாலும் நெஞ்சு அதிர்கிறது. பிறந்து வளர்ந்த வீடே அந்நியர் வீடு போல் தோன்றுகிறது. வாய்விட்டுச் சொல்ல அஞ்சி ஒவ்வொருவரும் உள்ளத்துக்குள் ஒரு கேள்வியை வைத்துப் புழுங்குகிறார்கள்: "எம்பெருமானைச் சேவிக்கச் சென்ற நேரத்தில்தானே இது நடந்தது! அவன் வாசலில் நின்றவர்களின் வாசலை அவன் காக்கவில்லையே!"

இக்கேள்வியைக் கேட்டவரை நாஸ்திகர் என்று ஒதுக்குவது பெரியோர் வழியன்று. வலித்தவன் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டது வைஷ்ணவ ஸம்பிரதாயம், சொல்லியும் இருக்கிறது.

மூன்று களவுகள்

ஒரு வீட்டில் திருடன் நுழைந்து சென்றபின் நடப்பது ஒரு களவு அன்று, மூன்று. பொன்னும் வெள்ளியும் போவது முதற் களவு. அதைச் செய்தவன் திருடன். சுற்றியுள்ள மனிதர்மேல் இருந்த நம்பிக்கை போவது இரண்டாம் களவு. எம்பெருமான்மேல் இருந்த நம்பிக்கை போவது மூன்றாம் களவு. பின்னவை இரண்டையும் திருடன் செய்வதில்லை. பறிகொடுத்தவரே தம் கையால் எடுத்து எறிகிறார்கள். முதற் களவு ஓரிரவில் முடிந்துவிடுகிறது. மற்ற இரண்டும் பல ஆண்டுகள் தொடர்ந்து நடக்கக்கூடியவை.

முதற் களவைப் பற்றிச் சாஸ்திரம் சொல்வது தெளிவானது. களவு போனதை மீட்டுக் கொடுப்பது அரசன் கடமை. மீட்க இயலாவிடில் தன் பொக்கிஷத்திலிருந்து ஈடு தரவேண்டும் என்று கௌதம தர்மசூத்திரம் விதிக்கிறது. ஆகவே காவல் நிலையம் சென்று முறையிடுவது பக்திக்குக் குறைவும் அன்று, பற்றுக்கு அடையாளமும் அன்று. அது இல்லறத்தானின் தர்மம். கலைந்த பொருள்களைத் தொடாமல் விடுத்து, உடனே காவல்துறைக்குத் தெரிவிப்பதும், கைரேகை எடுத்து முடியும்வரை பொறுப்பதும், போனவற்றை நிதானமாகப் பட்டியல் இட்டு எழுத்தில் கொடுப்பதும் வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் பிரதியை, முறையிட்டவருக்குக் கட்டணம் இன்றித் தரவேண்டும் என்பதே இன்றைய சட்டமும். இவற்றைச் செய்துவிட்டால் முதற் களவைப் பொறுத்தவரை மனிதன் செய்யக்கூடியது பெரும்பாலும் முடிந்தது. இனி அவன் காக்க வேண்டியவை மற்ற இரண்டு.

பழி எங்கே விழுகிறது?

மறுநாட் காலையில் அண்டை அயலார் வருகிறார்கள். "யார்மேலாவது சந்தேகம் உண்டா?" என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்வி காவலர் வாயில் விசாரணை. வீட்டார் நெஞ்சில் அதுவே நஞ்சு. பாத்திரம் தேய்க்க வரும் பெண் நினைவுக்கு வருகிறாள். போன மாதம் வெள்ளையடிக்க வந்தவன் நினைவுக்கு வருகிறான். கடன் கேட்டு வந்து வெறுங்கையுடன் திரும்பிய உறவினனும் தப்புவதில்லை. ஏழையாக இருப்பது ஒன்றே சாட்சியமாகிவிடுகிறது. பத்து ஆண்டுகள் அவ்வீட்டுக் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவள், ஒரு நாள் காலையில் வாசற்படியில் நிறுத்தப்படுகிறாள்.

இத்தகைய பழி யார்மேல் விழுந்தது என்பதை ஸ்ரீபாகவதத்தைக் கேட்டவர்கள் அறிவார்கள். சூரியன் அருளிய ஸ்யமந்தக மணியை ஸத்ராஜித் வைத்திருந்தான். அதை அணிந்து வேட்டைக்குச் சென்ற அவன் தம்பி பிரஸேனன் திரும்பவில்லை; மணியும் திரும்பவில்லை. முன்பொரு நாள் கண்ணன் அம்மணியை உக்ரஸேனருக்காகக் கேட்டது ஸத்ராஜித்தின் நினைவுக்கு வந்தது. அது ஒன்றே போதுமானதாயிற்று. கண்ணன்தான் கொன்று கவர்ந்தான் என்ற பேச்சு துவாரகையில் காதோடு காதாகப் பரவிற்று. உலகனைத்தும் உடையவன்மேல் ஒரு கல்லைத் திருடியதாகப் பழி!

பழி சுமந்த கண்ணன் சினக்கவில்லை. ஊராரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காட்டில் சுவடு தேடிச் சென்றான். பிரஸேனன் இறந்து கிடந்த இடம், அவனைக் கொன்ற சிங்கம் விழுந்து கிடந்த இடம், அங்கிருந்து ஜாம்பவானின் குகை என்று ஒன்றன்பின் ஒன்றாக உண்மையைத் தொடர்ந்தான். குகைக்குள் இருபத்தெட்டு நாட்கள் பொருது மணியை மீட்டு, சபை நடுவே ஸத்ராஜித்தின் கையில் கொடுத்தான். மணி கிடைத்தது, ஆனால் ஸத்ராஜித்தால் தலை நிமிர இயலவில்லை. தான் பேசிய சொல் அவனை இரவும் பகலும் சுட்டது. தன் மகள் ஸத்யபாமையையும் அம்மணியையும் கண்ணனுக்கே அளித்துத்தான் அவன் ஆறுதல் அடைந்தான். அப்போதும் மணியைக் கண்ணன் ஏற்கவில்லை.

பழிக்கு ஆளானவன் கண்ணனாதலால் பொறுத்தான். பழியைத் துடைக்கும் வல்லமையும் அவனுக்கு இருந்தது. பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு அவ்வல்லமை ஏது? அவளுக்காகக் குகைக்குள் புகுவார் யார்? பின்னொரு நாள் உண்மைத் திருடன் பிடிபட்டாலும், அவள் அன்று சிந்திய கண்ணீரை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்? சுவடு காட்டும் வழியில் காவலர் விசாரிக்கட்டும். சுவடு இல்லாத இடத்தில் சொல்லை அடக்குவது இல்லத்தாரின் முதல் விரதம்.

பர்ணசாலையில் நிகழ்ந்தது

"எம்பெருமானுக்கு என் வலி தெரியுமா?" என்று கேட்பவர்கள் ஆரண்ய காண்டத்தை நினைக்க வேண்டும். மாரீசனைத் தொடர்ந்து சென்று மீண்ட இராமபிரான் கண்டது வெறுமையான பர்ணசாலை. களவு நிகழ்ந்த இல்லத்தின் வாசலில் நிற்கும் மனிதனின் நிலை அவனுக்கும் வந்தது. மரங்களைக் கேட்டான், மான்களைக் கேட்டான், மயங்கினான். துயரம் முற்றிச் சினமாயிற்று. மூவுலகையும் அழிப்பேன் என்று வில்லை எடுத்தான்.

அப்போது இளையபெருமாள் கைகூப்பி விண்ணப்பித்த கருத்து, களவு நடந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் நினைக்கத் தக்கது. தரையில் காணும் அடையாளங்கள் ஒருவனுடைய தேரையே காட்டுகின்றன, பெரும் படை வந்ததற்குக் குறியில்லை. ஒருவன் செய்த குற்றத்திற்காக உலகங்களை அழித்தல் தகாது என்றான் அவன். பெருமாள் வில்லைத் தாழ்த்தினார். சினம் தாழ்ந்த பிறகுதான் சிறகிழந்து கிடந்த ஜடாயு கண்ணில் பட்டார், வழி தெரிந்தது. சினத்தோடு தேடுகிறவனுக்குச் சாட்சி அருகில் கிடந்தாலும் தெரிவதில்லை.

பின்னர் கிஷ்கிந்தையில் ஸுக்ரீவன் ஒரு நகை மூட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது பெருமாள் அதை மார்போடு அணைத்து அழுதார். மீட்ட நகைகளை அடையாளம் காட்ட அழைக்கப்படும் இல்லத்தரசியின் கண்ணீர் அற்பமானது என்று இனி யார் சொல்ல முடியும்? பொருளுக்காக அழுவது பேதைமை என்று உபதேசிக்க வருகிறவர்கள் இவ்விடத்தில் சற்று நாவடக்க வேண்டும். நகையோடு ஒரு முகமும் ஒரு காலமும் சேர்ந்தே போகின்றன. "பூர்வ கர்மம்" என்றும், "பூட்டைச் சரிபார்க்க வேண்டாவோ" என்றும் வெந்த புண்ணில் சொல்வது ஆறுதல் ஆகாது, அபசாரமே ஆகும்.

உறங்காவில்லியின் இல்லம்

மூன்றாம் களவைத் தடுப்பது எவ்வாறு? இதற்கு விடை திருவரங்கத்தில், 1017ஆம் ஆண்டு திருவவதாரம் செய்தருளிய எம்பெருமானார் காலத்தில், ஒரு வீட்டில் நடந்த களவிலேயே இருக்கிறது.

உறையூரில் வாழ்ந்த பெருவீரர் உறங்காவில்லி. தம் மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, திருவிழாக் கூட்டத்தில் அவளுக்குக் குடை பிடித்து நடந்தவர். உடையவர் அவரை அழைத்து, அதனினும் அழகிய கண்களைக் காட்டுவதாகச் சொல்லிப் பெரியபெருமாள் திருமுன்பே நிறுத்தினார். அன்று முதல் அவர் பிள்ளை உறங்காவில்லிதாசர் ஆனார். பொன்னாச்சியாரும் உடன் வந்து திருவடி பணிந்தார். காவேரியில் நீராடி மீளும்போது உடையவர் வில்லிதாசரின் கையைப் பற்றி வருவது வழக்கமாயிற்று. பிறப்பால் உயர்ந்தோம் என்று எண்ணிய சீடர் சிலருக்கு அது பொறுக்கவில்லை.

ஓரிரவு, மடத்தில் உலர்த்தியிருந்த அச்சீடர்களின் வஸ்திரங்களில் சிறிது சிறிது கிழித்துவிடச் செய்தார் உடையவர். பொழுது விடிந்ததும் மடம் அமளிப்பட்டது. ஒருவரை ஒருவர் ஐயுற்றனர்; வாயில் வாராத சொற்கள் வந்தன. போனது ஒரு முழத் துணி. உடையவர் ஒன்றும் சொல்லவில்லை.

பின்பொரு நாள் இரவில் வில்லிதாசரை மடத்தில் பேச்சில் நிறுத்திக்கொண்டு, அச்சீடர்களையே அழைத்து, அவர் இல்லம் சென்று உறங்கும் பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கழற்றி வருமாறு நியமித்தார். அவர்கள் சென்று, ஒருக்களித்துப் படுத்திருந்தவரின் ஒரு பக்கத்து நகைகளை மெல்லக் கழற்றினார்கள். பொன்னாச்சியார் விழித்தே இருந்தார். வந்தவர்கள் ஸ்ரீவைஷ்ணவர்கள் என்பதையும் உணர்ந்தார். வறுமையால் வந்தனர் போலும் என்று இரங்கி, மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திரும்பிப் படுத்தார். அவர் விழித்துக்கொண்டதாக அஞ்சி அவர்கள் ஓடிவிட்டார்கள்.

உடையவர் வில்லிதாசருக்கு விடை கொடுத்து, பின்தொடர்ந்து சென்று அவ்வில்லத்தில் நடப்பதைக் கேட்டு வரும்படி அவர்களைப் பணித்தார். வில்லிதாசர் வந்து பார்த்தார். மனைவியின் ஒரு பக்கம் நகை இருந்தது. மறுபக்கம் வெறுமையாக இருந்தது. நடந்ததைப் பொன்னாச்சியார் சொன்னார். வேறு எந்தக் கணவனும் போன பாதிக்காகக் கடிந்திருப்பான். வில்லிதாசர் மீந்த பாதிக்காகக் கடிந்தார். "என் நகை, நான் கொடுக்கிறேன்" என்ற எண்ணம் புகுந்ததால் அல்லவோ திரும்பிப் படுத்தாய்? உடையவன் பொருளை உடையவன் அடியார் எடுக்கிறார்கள் என்று அசையாது கிடந்திருந்தால் அவர்கள் முழுவதும் கொண்டு சென்றிருப்பார்களே என்று வருந்தினார். பொன்னாச்சியார் தம் பிழையை உணர்ந்து, அவ்வகங்காரம் நீங்க அருள வேண்டும் என்று வேண்டினார்.

வாசலில் நின்று கேட்டவர்கள் தலைகுனிந்து மீண்டார்கள். ஒரு முழத் துணிக்காக மடத்தில் எழுந்த கூச்சலையும், பொன் நகைக்காக அவ்வில்லத்தில் எழாத கூச்சலையும் ஒப்பிட்டுக் காட்டி, உயர்வு எங்கே இருக்கிறது என்று அவர்களையே சொல்லச் சொன்னார் உடையவர். நகைகளும் உரியவரிடம் திரும்பச் சேர்ந்தன.

இவ்வரலாற்றைத் தவறாகக் கொள்ளல் ஆகாது. திருடனுக்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. பெருமாள் புறப்பாட்டில் உருவிய வாளுடன் காவல் சென்றவர் வில்லிதாசர். காவலின் அருமை அவர் அறியாததன்று. அவர் சுட்டியது ஒரு சொல்லை. "என்" என்னும் சொல்லை. வீட்டைப் பூட்டுவதும், விழித்திருப்பதும், முறையிடுவதும் காவலாளியின் வேலை. காவலாளி முதலாளிக்காகக் காக்கிறான். பொருள் போனால் முதலாளியிடம் ஓடிச் சென்று சொல்லுகிறான், அழவும் செய்கிறான். ஆனால் முதலாளியைப் பார்த்து "என் பொருளை நீ ஏன் காக்கவில்லை?" என்று கேட்பதில்லை. வாசற்படியில் அமர்ந்த இல்லத்தரசியின் கேள்விக்கு விடை இதுவே. எம்பெருமான் காக்கத் தவறிய வீடு மற்றொருவருடையதன்று, அவனுடையதே. இழப்பு முதலில் அவனுக்கு. அவ்விழப்பில் அவளோடு அமர்ந்திருப்பவனும் அவனே.

வந்தவன் யார்?

திருடனைப் பற்றியும் ஒரு சொல் உண்டு. அடியார்க்கு அமுது செய்விக்கும் பொருட்டு வழிப்பறி செய்தவர் திருமங்கை மன்னன். மணவாளக் கோலத்தில் வந்த எம்பெருமானையே மறித்துப் பறித்தார். கட்டிய மூட்டையைத் தூக்க இயலாமல் நின்றபோது திருமந்திரம் பெற்று ஆழ்வாரானார். திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் திருநாளன்று வேடுபறியாக அந்நிகழ்ச்சி இன்றும் கொண்டாடப்படுகிறது. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் உற்சவப் பெருமாளின் திருநாமமே கள்ளபிரான். தன்னை நம்பிய ஒரு திருடனுக்காகத் தானே திருடன் வேடத்தில் அரசன் முன் நின்றான் என்பது அத்தல வரலாறு. செல்வத்திற்குத் தர்மம், நெருப்பு, அரசன், கள்வன் என நான்கு பங்காளிகள் உண்டு என்றும், மூத்த பங்காளியான தர்மத்திற்கு உரியதைக் கொடாதபோது மற்றவர்கள் வருகிறார்கள் என்றும் பெரியோர் கூறுவர். இது பறிகொடுத்தவரைக் குத்திக்காட்டுவதற்கு அன்று. மீந்திருப்பதில் தர்மத்தின் பங்கு எது என்று அவரவர் தம்மையே கேட்டுக்கொள்வதற்கு.

திருடனுக்குச் சட்டம் தண்டனை தரட்டும். அது அவனுக்கும் நன்மை. அவனைச் சபிப்பதால் ஒரு குன்றிமணிப் பொன்னும் மீளாது. அவன் கையில் எந்நாளோ ஒரு திருமந்திரம் விழக்கூடும் என்று வேண்டிக்கொள்வது வைஷ்ணவ இலக்கணம்.

ஆகவே, திருவிழாச் சேவித்து மீளும் அன்பர்களின் இல்லங்கள் அனைத்தும் பூட்டியபடியே காத்திருக்கட்டும். புறப்படுமுன் அண்டை வீட்டாருக்கும் காவல் நிலையத்திற்கும் சொல்லி வருவது நன்று. நகைகளைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்து வருவது அதனினும் நன்று. அவ்வளவும் செய்தும் ஒரு வீட்டில் நாதாங்கி பெயர்ந்திருந்தால், அவ்வில்லத்தார் முதலில் செய்யத்தக்கது காவலருக்குச் சொல்வது. அவர்கள் பார்த்து முடித்தபின் தரையைப் பெருக்கி, வெள்ளி விளக்கு இருந்த இடத்தில் ஓர் அகல் ஏற்றி, அன்று பிரிக்காது வைத்த பிரசாதப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். விசாரணைக்கு வந்த காவலருக்கும், துணைக்கு வந்த அயலாருக்கும், பாத்திரம் தேய்க்க வரும் அந்தப் பெண்ணுக்கும் அதை முதலில் கொடுக்க வேண்டும். அவள் கையில் பிரசாதம் விழும் கணத்தில் இரண்டாம் களவு மீண்டுவிடுகிறது. அகல் விளக்கின் ஒளியில் பெருமாள் திருமுகம் தெரியும் கணத்தில் மூன்றாம் களவும் மீண்டுவிடுகிறது.

முதற் களவு மீண்டாலும் மீளாவிட்டாலும், அவ்வில்லம் அன்றே நிறைந்த இல்லம்.

சுபம்.